ராசாவின் தலைமேல் கால்

என் வயதுக்காரர்களே, பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது எப்படி என்று இப்போது மைக் வைத்துப் பேசுகிறார்கள். போன மாதம் என்னையும் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போய், முன்வரிசையில் உட்காரவைத்துச் சால்வை போர்த்தினார்கள். எல்லோரும் நன்றாகத்தான் பேசினார்கள். ஒருவர்கூடக் கடுக்காயைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்ச் சத்திரத்தை நாங்கள் காப்பாற்றியபோது ஒரு போலீஸ்காரருக்கு வயிறு நிற்கவே இல்லை. அதைச் சொல்லாமல் என்ன பாரம்பரியம், என்ன பாதுகாப்பு? வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அவர்கள் விட்டதை நான் சொல்கிறேன். மூட்டுவலியைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் ஊர் திருப்புல்லாணிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய சின்ன ஊர். கடலுக்குப் போகிற கிறிஸ்து வேதக்காரக் குடும்பங்கள்தான் அதிகம். எல்லாம் பனையோலை வீடுகள். ஓலை இல்லாத கட்டடம் என்று பார்த்தால் மாதா கோயில் ஒன்று, சத்திரம் ஒன்று. ராமேசுவரத்துக்குக் கடலோரமாக நடந்து போகிற சாமிமார் படுத்து எழுந்து போகட்டும் என்று எந்தக் காலத்திலோ ஒரு ராசா கட்டிவிட்டது அந்தச் சத்திரம். ரயில் வந்ததும் நடக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். சும்மா கிடந்த கட்டடத்தில் பிள்ளைகளைப் போட்டு அடைத்து, பள்ளிக்கூடம் என்று பெயர் வைத்தார்கள்.

அடைத்தார்கள் என்று வாய் சொல்கிறதே தவிர, அந்த இடம் எனக்கு உயிர். கடல்பாறைக் கல்லை அறுத்துக் கட்டிய சுவர். காரை உதிர்ந்த இடங்களில் கல்லுக்குள் பூப்பூவாகத் தெரியும். வெளியே மணல் காலைப் பொசுக்குகிற மத்தியானத்தில் உள்ளே தூணில் கன்னத்தை வைத்தால் மண்பானைத் தண்ணீர் குடித்ததுபோல இருக்கும். வௌவால் வாடை, சிலேட்டில் தேய்க்கிற கோவை இலை வாடை, பக்கத்தில் காய்கிற கருவாட்டு வாடை, எல்லாம் கலந்து ஒரு வாசனை. எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு மூலை கிடையாது. சத்திரத்தில் ஓரத்துத் தூண் ஒன்று என்னுடையது. அதில் வேறு யாராவது சாய்ந்தால் பிறாண்டிவிடுவேன்.

அந்தச் சத்திரத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. மேல்தளத்தில் யாரும் ஏறக் கூடாது. வாசல் பக்கத்துச் சுவரில் எழுத்து வெட்டிய கல் ஒன்று உண்டு. வருசா வருசம் மாதா திருவிழாவுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிக்கும்போது, பாவம் அது மட்டும் ஏன் அழுக்காக நிற்க வேண்டும் என்று சத்திரத்துக்கும் அடித்துவிடுவார்கள். சுண்ணாம்பு ஏறி ஏறிக் கல்லும் சுவரும் ஒன்றாகிவிட்டன. அடிவரி மட்டும் பிள்ளைகள் உயரத்தில் இருந்ததால், வாசலில் நிற்கிறவர்கள் விரல்விட்டுத் தடவித் தடவி, வெள்ளை ஒட்டாமல் எழுத்து தெரியும். 'பாதம என தலைமெல.' பழைய எழுத்து, புள்ளி கிடையாது.

இதைப் படித்துச் சொன்னவர் எங்கள் உபதேசியார். சாமியார் வராத ஞாயிறுகளில் செபம் சொல்கிறவர். ஊரிலேயே முதலில் எழுத்துப் படித்தவர். 'பாதம் என் தலைமேல்' என்று கூட்டிவிட்டார். அதோடு அவர் நிறுத்தவில்லை. "பாதம் என் தலைமேல்னா அடுத்து என்ன வரும்? வைக்காதேன்னுதானே வரும்? கல்லுல இடம் பத்தாம விட்டுட்டான் வெட்டுனவன்" என்றார். ஊர் தலையாட்டியது. புத்தகத்தில் கால் பட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்கிற சனங்கள் நாங்கள். ஒரு ராசா வாயைத் திறந்து, என் தலையில் மிதிக்காதே என்று கேட்டிருக்கிறார். சத்திரத்தின் தளம்தான் அவர் தலை என்று வைத்துக்கொண்டோம். மிதிப்போமா?

அதனால் மேலே போனது எதுவும் கீழே வராது. பந்து போனால் 'ராசாவுக்குப் போச்சு' என்று சொல்லிவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுவோம். நாளடைவில் ஊரில் எது தொலைந்தாலும் அதே பேச்சாகிவிட்டது. கடலில் வலை அறுந்து போனாலும் ராசாவுக்குப் போச்சு. மைனர் ஒருவர் கொழும்புக்குப் போய் அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டார் என்று செய்தி வந்தபோது, அவருடைய அம்மாவும் மூக்கைச் சிந்திக்கொண்டே அதைத்தான் சொன்னாள்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருசம் ஆகியிருந்தது. கச்சான் காற்று அடங்காத ஆவணி மாதத்தில் ஒரு நாள் ஓவர்சியர் ஒருவர் வந்தார். முழுக்கால்சட்டை, கையில் குடை. குடையாலேயே சுவரைத் தட்டினார், தூணைத் தட்டினார். தளத்தில் முளைத்திருந்த அரசங்கன்றின் வேர் உள்கூரையைப் பிளந்துகொண்டு எட்டிப் பார்த்தது. அதை அண்ணாந்து பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"போன மழைக்கு ஒழுகுச்சா வாத்தியாரே?"

"ஒழுகத்தான் செஞ்சுச்சு சார். பிள்ளைகளை ஒதுக்கி உக்கார வச்சேன்."

"அது தலையில விழுந்தா நீரா பதில் சொல்வீரு? இடிச்சிர வேண்டியதுதான். கல்லு ரோட்டுக்கு ஆகும். பிள்ளைக திருப்புல்லாணிப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும்."

எங்கள் வாத்தியார் கமுதிப் பக்கத்துக்காரர். மிளகாய்க் காட்டில் பிறந்தவருக்கு மீன் வாடை ஆகாது. கருவாடு காய்கிற நாளில் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் பாடம் நடத்துவார். மாற்றல் வேண்டுமென்று அவர்தான் ஓவர்சியரை வரவழைத்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் அன்று சாயங்காலமே முடிவு கட்டிவிட்டார்கள். உள்ளே நடந்தது எங்களுக்குத்தான் தெரியும். "ஒழுகாம பண்ணிட்டா விட்டுருவீகளா சார்?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓவர்சியர் குடையை விரித்தபடியே, "பண்ணுங்க, பாப்போம். முதல் பெருமழைக்கு வாரேன். ஒரு சொட்டு விழுந்தாலும் இடிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இதைச் சொன்னால் பிள்ளைகள் பேச்சை யார் கேட்கிறார்கள்?

எங்கள் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். அப்பா அன்றைக்கே என் சிலேட்டை வாங்கிக் கூரை எரவாணத்தில் சொருகிவிட்டார்.

"போதும் ஆத்தா படிச்சது. இடியப்போற கட்டடத்துல எதுக்குப் போய் உக்காரணும்?"

"அப்ப திருப்புல்லாணிக்குப் போறேன்."

"பனங்காட்டுக்குள்ள அம்புட்டுத் தூரம் நீ தனியாப் போவியா? மழை முடியட்டும். வாலிநோக்கத்துல உங்க அத்தைகூட உப்பளத்துக்குப் போ."

நான் கத்தினேன். சோற்றைத் தள்ளிவிட்டேன். தரையில் விழுந்து புரண்டேன். எங்கள் அப்பா கையளவுதான் பேசுவார். பேசியதை மாற்ற மாட்டார். அவரை அப்போது நான் வெறுத்ததுபோல அதற்குப் பிறகு யாரையும் வெறுத்ததில்லை. பெண்பிள்ளை படிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். ஒழுகுகிற கூரையையும் ஆளில்லாத பனங்காட்டையும் நினைத்து அந்த மனிதர் பயந்திருக்கிறார் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்தபிறகுதான் புத்தியில் ஏறியது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். கச்சான் அடிக்கிற மாதங்களில் கடல் தொழில் குறைவு, ஆள் இருக்கிறது. சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துக்கொள்ளலாம். கீழக்கரையிலிருந்து கொத்தனாரைக் கூப்பிடலாம். எல்லாம் கூடிவந்தது. வேலை செய்ய மேலே ஏற வேண்டுமே, அங்கேதான் முட்டிக்கொண்டது.

"ராசா தலையில கால் வச்சு அவரு சத்திரத்தைக் காப்பாத்தவா? அதுக்கு இடிஞ்சே போகட்டும்" என்று உபதேசியார் எழுந்து நின்றார். ஊர் மறுபடி தலையாட்டியது. வாத்தியார் மட்டும், "ஏணியில நின்னுக்கிட்டே செய்ய முடியாதா?" என்று கேட்டு எல்லோரிடமும் முறைப்பு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நான் கருவாட்டுக் கூடையோடு சத்திரத்து வாசலைத் தாண்டிப் போகிறேன். உள்ளே ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வாய்ப்பாடு. என் தூணில் வேறு எவளோ சாய்ந்திருக்கிறாள். வந்தது பாருங்கள் ஒரு கோபம்! கூடையை இறக்கி வைத்தேன். வழியில் பொறுக்கிய சங்கு கையில் இருந்தது. "ஓய் ராசா, உம்ம தலை என்ன அம்புட்டுப் பெரிய தலையா?" என்று கேட்டு, அந்தக் கல்லில் ஓங்கி ஓர் இடி இடித்தேன்.

உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பெயர்ந்து விழுந்தது. அடியில் ஒரு 'த' இருந்தது.

இன்னொரு இடி இடித்தேன். ஒரு 'வ' வந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவள் என் பெரியப்பா மகள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், எனக்கு மேல் வாயாடி. "அடியேய், ராசாவை அடிக்கிறாடி!" என்று கூவினாள். கூவிவிட்டுச் சும்மா நின்றாளா? அவளும் ஒரு மட்டி ஓட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தாள். வாத்தியார் பிரம்போடு வந்தார். எழுத்தைப் பார்த்தார். பிரம்பைப் போட்டுவிட்டு, "மெதுவா, மெதுவா! கல்லு சிதையக் கூடாது" என்று அவரும் குந்திக்கொண்டார். வாய்ப்பாடு அந்தரத்தில் நின்றுபோனது.

மத்தியானத்துக்குள் அடிவரிக்கு மேலே ஒரு முழு வரி வெளியே வந்துவிட்டது. 'இநதத தனமததைக காததவன.' எங்கள் பெரியப்பா மகள் ஒரே ஓட்டமாக ஊருக்குள் ஓடி, "தனத்தைக் காத்தவன்னு எழுதியிருக்கு! தனம்! தனம்!" என்று கத்திவிட்டாள். தனம் என்றால் புதையல். அவ்வளவுதான், கடப்பாரை, மண்வெட்டி, துடுப்பு என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஊர் திரண்டுவிட்டது. ஒருவர் பருந்துக்குக் குறிவைக்கிற கவண் கொண்டுவந்திருந்தார். அது எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை.

வாத்தியார் படியில் ஏறி நின்று கையைத் தட்டினார். "ஏலே, கடப்பாரையைக் கீழ போடுங்கலே! அது தனம் இல்ல. புள்ளி வச்சுப் படிங்க. தன்மம். தன்மம்னா தருமம். சத்திரம் கட்டி விட்டது ராசாவோட தருமம்." பிறகு விரல் வைத்து, புள்ளி வைத்து, மெதுவாக முழுவதையும் படித்தார். "இந்தத் தன்மத்தைக் காத்தவன் பாதம் என் தலைமேல்."

ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை. வாத்தியாரே சொன்னார். "தனக்கப்புறம் இதை எவன் காப்பாத்துறானோ, அவன் காலை என் தலையில தாங்கிக்கிறேன்னு ராசா சொல்றாரு. அப்படிக் கும்பிட்டுக் கேக்குறாரு."

எல்லோரும் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கல்லுக்குப் பக்கத்தில் போய், கண்ணை இடுக்கிக்கொண்டு, தானும் ஒருமுறை எழுத்துக் கூட்டினார். முகம் ஒரு மாதிரிப் போனது. அழப்போகிறார் என்று நினைத்தேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் மனிதர். "மாதாவே! இத்தனை வருசமா ராசா 'ஏறுங்கடா, ஏறுங்கடா'ன்னு கூப்பிட்டிருக்காரு. நான் கீழ நின்னுக்கிட்டு 'ஏறாதே, ஏறாதே'ன்னு காவல் காத்திருக்கேனே!" என்றார். துண்டை உதறித் தலையில் கட்டினார். "எங்கலே ஏணி?"

அன்றைக்கு மேலே ஏறியவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். செடியும் மண்ணும் மண்டிய அந்தத் தளத்தில், ராசாவுக்குப் போனதெல்லாம் அப்படியே கிடந்தது. துணிப்பந்து, ரப்பர் பந்து, கிட்டிப்புள், செருப்பு ஒற்றை, யாரோ சாமியாருடைய தொப்பி, பித்தளை மணி, காகம் தூக்கிப்போன கரண்டி. மேலே இருந்தவர்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்கள். கீழேயிருந்து, "அது என்னுது! அது என்னுது!" என்று நரைத்த மீசைக்காரர்கள் கையை நீட்டிக்கொண்டு குதிப்பார்கள். கிட்டிப்புள்ளுக்காக இரண்டு பெரியவர்கள் சண்டை போட்டுச் சாயங்காலம்வரை பேசாமல் இருந்தார்கள்.

எங்கள் அப்பாவும் மேலே இருந்தார். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவர் திடீரென்று குந்தி உட்கார்ந்துவிட்டார். கையில் ஒரு பம்பரம், ஆணி துருப்பிடித்தது. இறங்கி வந்து மடியில் துடைத்து, என்னிடம் நீட்டினார். "இது போனப்ப நான் உன்னைவிடச் சின்னவன். எங்கய்யாகிட்ட அடி வாங்கினேன்" என்றார். அவரோடு நான் பேசுவதில்லை என்ற வைராக்கியத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கை மட்டும் பம்பரத்தை வாங்கிக்கொண்டது.

பிறகு வேலை பிடித்தது. கரையில் கிடந்த சிப்பி, சங்குச்சில்லு, மட்டி ஓடு எல்லாம் பிள்ளைகள் பொறுக்கிக் குவித்தோம். பள்ளிக்கூடத்துக்குத்தான் போகக் கூடாது, சிப்பி பொறுக்க எனக்குத் தடையில்லை. காளவாயில் சுட்டு, தண்ணீர் ஊற்றியதும் சுண்ணாம்பு புஸ்ஸென்று சீறிப் பூத்தது. அரசங்கன்றை வேரோடு பிடுங்கினார்கள். பழைய காரையைக் கொத்தி எடுத்தார்கள். செங்கல் தூள் சலித்தார்கள். சத்திரத்துக்குப் பின்னால் வரிசையாகப் பானைகள் வைத்து, கருப்பட்டியும் இடித்த கடுக்காயும் தண்ணீரில் ஊறப் போட்டார்கள். அந்தத் தண்ணீரை விட்டுக் குழைத்தால்தான் சுண்ணாம்பு கல்லாகப் பிடிக்கும். நாலைந்து நாளில் பானைகள் நுரைத்து, கள்ளுக்கடை வாசனை கடற்கரைவரை அடித்தது.

மதுவிலக்கு மும்முரமாக இருந்த காலம் அது. வாசனையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார் கான்ஸ்டபிள்.

"என்னலே இது? பட்டப்பகல்ல, பள்ளிக்கூடத்துப் பின்னால ஊறல் போட்டு வச்சிருக்கீக?"

"ஊறல்தான் ஐயா. இது குடிக்கிறதுக்கு இல்ல, கட்டடத்துக்கு" என்றார் உபதேசியார்.

"ஓகோ, உங்க ஊர்ல கட்டடம் குடிக்குதோ? யாரு காதுல பூச்சுத்துறீக?" தடியை ஓங்கிப் பானையை உடைக்கப் போனார்.

எங்கள் அம்மா பாய்ந்து பானையைக் கட்டிக்கொண்டாள். அப்படி ஓர் அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. "உடைக்காதீக ஐயா! நம்பிக்கை இல்லாட்டி நாக்குல வச்சுப் பாருங்க."

சாராய ஊறல் நாக்கில் பட்டாலே தனக்குத் தெரியும் என்று கான்ஸ்டபிள் மீசையைத் தடவினார். அகப்பையில் கொஞ்சம் எடுத்தார். துவர்ப்பும் தித்திப்புமாக இருந்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த தாகம். சந்தேகம் தீரவில்லை என்று இன்னோர் அகப்பை. அதுவும் தீரவில்லை. "ஐயா, அதுல கடுக்காய் கிடக்கு" என்று அம்மா இழுத்தாள். "எல்லாம் எங்களுக்குத் தெரியும்" என்று அதட்டிவிட்டு, பானையின் கழுத்துவரை சோதனை போட்டார். கடைசியில், "சாராயம் இல்ல. செய்யுங்க, செய்யுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிச் சைக்கிளில் ஏறினார். பனைமரம் தாண்டவில்லை, சைக்கிள் அங்கனயே சாய்ந்தது. ஆளை உடைமரக் காட்டுக்குள்தான் பார்த்தோம், அதுவும் அவ்வப்போது. எங்கள் பெரியப்பா மகள் அவருக்குத் தண்ணீர்ச் செம்பு கொண்டுபோய் வைத்துவிட்டு ஓடிவந்தாள். அந்த வாரம் முழுவதும் ஊரில் ஒருவரும் நேராக நின்று பேசவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

தளம் போடுகிற நாள் வந்தது. சுண்ணாம்பைக் கொட்டிப் பரப்புவது ஆண்கள் வேலை. அதை ஈரம் காயாமல் மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டித் தட்டி இறுக்க வேண்டும், அது பெண்கள் வேலை. பெண்கள் எல்லோரும் ஏணி அடியில் வந்து நின்றுவிட்டார்கள். மேலே ஒருத்தியும் ஏறவில்லை. கடைசியில் அம்மாதான் சொன்னாள். "ஆம்பளைக ஏறிட்டீக. நாங்க மீன் கழுவுன தண்ணியில நிக்கிற காலு. இதைப் போயி ராசா தலையில வைக்கவா?"

உபதேசியார் உள்ளே போய்ச் செம்பும் பெரிய தாம்பாளமும் எடுத்துவந்தார். ஏணிக்கு அடியில் மண்டி போட்டு, "காலை வை ஆத்தா" என்றார். பெரிய வியாழக்கிழமை, ஏசு சீடர்கள் காலைக் கழுவியதை நினைத்து, கோயிலில் சாமியார் பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துக் காலைக் கழுவுவார். பெண்கள் காலை யாரும் கழுவிப் பார்த்ததில்லை. அம்மா வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் விடவில்லை. வெடித்த குதிகாலில் அப்பியிருந்த மீன்செதில் போகும்படி தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டார். அம்மா ஏணியில் ஏறினாள். பின்னால் ஒவ்வொருத்தியாகக் காலை நீட்டினார்கள். என் முறை வந்தபோது, "சங்கால அடிச்ச கழுதை நீதானே?" என்று கேட்டு என் காலையும் கழுவினார். எனக்குக் கூசியது, சிரித்துவிட்டேன்.

மேலே நின்று நான் முதன்முதலாகக் கடலை முழுசாகப் பார்த்தேன். தீவுகள்கூடத் தெரிந்தன. பெண்கள் வரிசையாகக் குந்திக் கட்டையால் தட்ட, கீழேயிருந்து ஆண்கள் வலை இழுக்கிற அம்பாப் பாட்டை எடுத்துவிட்டார்கள். மேலே ஒரு தட்டு, கீழே ஓர் 'ஏலேலோ'. கான்ஸ்டபிளும் மெலிந்துபோய் வந்து சேர்ந்தார், பானைப் பக்கம் மட்டும் போகவில்லை. வாத்தியாருக்கும் கருவாட்டுக் குழம்பும் சோறும் கொடுத்தார்கள். மூக்கில் கட்டிய துண்டை அவிழ்க்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவிழ்த்தார். சாப்பிட்டார். கண்ணில் நீர் முட்ட, "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றார். அதற்குப் பிறகு மாற்றல் பேச்சை ஊரில் ஒருவரும் எடுக்கவில்லை.

ஐப்பசியில் மழை வந்தது. சும்மா மழை இல்லை, வாடைக்காற்றோடு பேய்மழை. ஓலை வீடுகள் எல்லாம் ஒழுகின. எங்கள் வீட்டில் அடுப்புக்குள் தண்ணீர். சனங்களுக்கு எங்கே போவதென்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாய், பானை, கோழி, ஆடு, கைப்பிள்ளை என்று எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு சத்திரத்துக்குள் வந்துவிட்டோம். நானும் வந்தேன். ஊர்ச்சனத்தில் ஒருத்தியாக வந்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இல்லை. ஓரத்துத் தூணுக்குப் பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு நடுவிலும் வாத்தியார் பிள்ளைகளை ஒரு மூலையில் உட்காரவைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த மழையிலும் சொன்ன சொல் தவறாமல் ஓவர்சியர் வந்துவிட்டார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தவருக்குக் கால் வைக்க இடமில்லை. கோழி கத்தியது. அவர் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார். ஊரும் அண்ணாந்து பார்த்தபடி அவர் பின்னால் போனது.

டப்பென்று ஒரு சொட்டு, ஒரு பையன் சிலேட்டில் விழுந்தது.

ஓவர்சியர் நின்றார். "இது என்ன?" என்றார். உப்பளம்தான், வாலிநோக்கம்தான் என்று நினைத்தேன். இன்னொரு சொட்டு விழுந்தது. அப்போது அந்தப் பையன் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னான்: "சார், உங்க குடை ஒழுகுது சார்."

கட்டடம் அன்று இடிந்திருந்தால் அந்தச் சிரிப்பில்தான் இடிந்திருக்கும். ஓவர்சியரும் சிரித்துவிட்டார். குடையை வாசலில் போட்டுவிட்டு வந்து மறுபடி மூலைமூலையாகப் பார்த்தார். சுவரைத் தொட்டுக் கையை முகர்ந்தார். ஒரு சொட்டு இல்லை. "சரி வாத்தியாரே, இருக்கட்டும். இது இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "இதுல உம்ம பிள்ளைக யாரு, ஊர்ச்சனம் யாரு? ஒண்ணும் விளங்கலையே. ஆஜர் எடுங்க, பாப்போம்."

வாத்தியார் பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தார். கூட்டத்துக்குள் அங்கங்கே இருந்து, ஆட்டுக்கும் பானைக்கும் இடையிலிருந்து, 'உள்ளேன் ஐயா', 'உள்ளேன் ஐயா' என்று குரல்கள் எழுந்தன. திடீரென்று என் பெயரைக் கூப்பிட்டார். என்னை நிறுத்தி அத்தனை நாள் ஆனபிறகும் அவர் தினமும் என் பெயரைக் கூப்பிட்டதும், என் பெரியப்பா மகள் தினமும் எழுந்து 'வரலை ஐயா' என்று சொல்லிவந்ததும் எனக்கு அந்த நிமிசம்வரை தெரியாது. அவள் வழக்கம்போல எழுந்து வாயைத் திறந்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

அவள் சொல்வதற்கு முன்னால், சுவரோரம் தலைச்சுமையோடு நின்ற எங்கள் அப்பா, கடலில் ஆளைக் கூப்பிடுகிற குரலில், சத்திரம் அதிரச் சொன்னார்:

"உள்ளேன் ஐயா!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்தார். அப்பா சுமையை இறக்கி வைத்தார், என் கையிலிருந்து ஆட்டுக்கயிற்றை வாங்கிக்கொண்டார், என் முதுகில் கை வைத்துப் பிள்ளைகள் பக்கம் தள்ளினார்.

"இங்கனதான் இருக்கா ஐயா" என்றார். "இனி தினமும் வருவா."